ஸ்டீவ் விட்மேன் நினைவாக: ஸ்பிரிங் கால், டெயில்விண்ட், இறக்கையில் துணி ஒட்டுவது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மரச்சிறகு

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் 27, அமெரிக்க விமான வடிவமைப்பாளரும் ரேஸ் விமானியுமான ஸ்டீவ் விட்மேன் நினைவு நாள். அன்றைக்குப் படிக்க இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது. தேடினால் கிடைப்பதெல்லாம் ரேஸ் கோப்பைப் பட்டியல்தான். சொந்தமாகச் சிறு விமானம் கட்டி ஓட்டுகிறவர்கள் அவரை ஆசானாக நினைப்பதற்குக் காரணம் அந்தக் கோப்பைகள் இல்லை என்பது மட்டும் புரிகிறது.

அவருடைய ஸ்பிரிங் எஃகுக் கால் (விமானத்தின் சக்கரத்தைத் தாங்கும் கால்) எப்படி வேலை செய்கிறது, தட்டைப் பட்டையிலிருந்து உருண்டைக் கம்பிக்கு ஏன் போனார், அதைப் பொருத்தும்போதும் பராமரிக்கும்போதும் எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிய வேண்டும். இன்னொன்று கொஞ்சம் கனமான கேள்வி. 1995-இல் அவர் உயிரைப் பறித்த விபத்துக்கு இறக்கையில் துணி பிடி விட்டதுதான் காரணம் என்கிறார்கள். ப்ளைவுட் மேல் ஒட்டிய துணி எப்படிப் பிடி விடும்? இன்றைக்கு மர இறக்கை கட்டுகிறவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? புகழுரை வேண்டாம், விவரம் வேண்டும்.

ஓஷ்கோஷ்வழி

வரலாற்றை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பத்தை வில்லெஃகு சாரும் துணிக்காரரும் எழுதட்டும்.

1904-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பைரன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அதோடுதான் 1924-இல் பறக்கக் கற்றார், அதோடுதான் ரேஸும் ஓட்டினார். 1931 முதல் 1969 வரை ஓஷ்கோஷ் விமானநிலையத்தின் மேலாளர். இன்று அந்த நிலையத்துக்கே அவர் பெயர்தான். 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் இஏஏ அமைப்பு, 1970 முதல் தன் வருடாந்தரக் கூடுகையை அங்கேதான் நடத்துகிறது.

ரேஸ் பக்கம் இரண்டே வரி போதும். 1935 தாம்ப்சன் கோப்பைப் பந்தயத்தில் அவர் கட்டிய 'போன்ஸோ' இரண்டாவதாக வந்தது. 1947-இல் குட்இயர் பந்தயத்தில் அவர் கட்டிய 'பஸ்டர்' வென்றது, ஓட்டியவர் பில் பிரெனண்ட். இந்த பஸ்டர் புது விமானமே இல்லை. 1931-இல் கட்டிய 'சீஃப் ஓஷ்கோஷ்' விமானத்தை எடுத்துத் திரும்பக் கட்டியது. இருப்பதை வைத்து இன்னும் எளிமையாக, இன்னும் கொஞ்சம் வேகமாக என்று போவதுதான் அவர் வழி.

கட்டுபவர்களுக்கு அவர் கொடுத்த பெரிய கொடை 1953-இல் வந்த டெயில்விண்ட். குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயை வெல்டிங் செய்து அதன் மேல் துணி போர்த்திய உடல், ப்ளைவுட் மூடிய மர இறக்கை, பக்கத்துக்கு ஒரே ஒரு தாங்குகம்பி. பக்கவாட்டில் பார்த்தால் பெட்டி மாதிரி இருக்கும், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் 90 குதிரைத்திறன் கான்டினென்டல் என்ஜினில் இரண்டு பேரை உட்காரவைத்து மணிக்கு 150 மைலைத் தாண்டிப் போகும். அந்தக் காலத்தில் அதே என்ஜின் போட்ட தொழிற்சாலை விமானங்கள் எதுவும் கிட்டே வர முடியாது. அதன் வரைபடத்தை விற்றார், வாங்கியவர்கள் வீட்டில் கட்டினார்கள். பிறகு லைகமிங் ஓ-320 என்ஜின் வைக்க ஏற்றபடி டபிள்யூ-10 என்ற டெயில்விண்ட் வடிவம் வந்தது. ஓல்ட்ஸ்மொபைல் காரின் அலுமினிய வி8 என்ஜினை கியர் குறைப்பு இல்லாமல் நேரடியாகப் புரொப்பெல்லரோடு இணைத்துத் தன் டெயில்விண்டில் பறந்ததும் அவர்தான்.

காலைப் பற்றி ஒரு வரி. 1930-களில் தன் ரேஸ் விமானங்களிலும் 'பட்டர்கப்' என்ற சிறு விமானத்திலும் சோதித்த ஸ்பிரிங் எஃகுக் காலின் உரிமையை செஸ்னா வாங்கியது. 1946-இல் செஸ்னா 120, 140 விமானங்களோடு அது ஊரெல்லாம் பரவியது.

வில்லெஃகு

காலுக்கு வருகிறேன்.

லாரியின் ஸ்பிரிங் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பட்டை, ஒரு முனை விமான உடலில், மறு முனை சக்கரத்தின் ஆக்சிலில். விட்மேனின் முதல் யோசனை அவ்வளவுதான். அதற்கு முன்னால் சிறு விமானங்களில் கீல் வைத்த காலும் அதை இழுத்துப் பிடிக்க ரப்பர் கயிறும் இருக்கும், இல்லையென்றால் எண்ணெயும் காற்றும் அடைத்த ஓலியோ இருக்கும். ரப்பர் தளரும், கீல் தேயும், ஓலியோவில் சீல் ஒழுகும். ஸ்பிரிங் காலில் அசையும் பாகமே கிடையாது.

அது எவ்வளவு தாங்க வேண்டும்? 650 கிலோ விமானம் நிமிடத்துக்கு 300 அடி வேகத்தில் கீழே இறங்கித் தரையைத் தொட்டால், இறங்கும் வேகத்தால் மட்டும் சுமார் 750 ஜூல் ஆற்றல். நிமிடத்துக்கு 600 அடி என்றால் வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 3,000 ஜூல். அதை இரண்டு கால்களும் வளைந்து வாங்கிக்கொள்கின்றன. சிக்கல் என்னவென்றால், எஃகு வாங்கியதைத் திருப்பித் தந்துவிடும். ஓலியோவில் எண்ணெய் துளை வழியே பிதுங்கி ஆற்றலைச் சூடாக்கித் தின்றுவிடும். ஸ்பிரிங் காலில் அந்த வேலையைச் செய்வது டயர்தான். கால் அகலும்போது டயர் தரையில் பக்கவாட்டாகத் தேய்கிறது. ஈரமான ஓடுபாதையில் அந்தத் தேய்ப்பு குறைவு, குதிப்பு அதிகம். ஆகவே குதிக்கிறது என்று காலைக் குறை சொல்லாதீர்கள், இறங்கும் வேகத்தைக் குறையுங்கள்.

பட்டையிலிருந்து கம்பிக்கு ஏன் போனார்? பட்டை அகலமாக இருப்பதால் முன்பின்னாக விறைப்பு, மேல்கீழாக மட்டும் வளையும். கூம்பி வரும் உருண்டைக் கம்பி எல்லாத் திசையிலும் வளையும், முறுக்கையும் வாங்கும். கூம்பல் அழகுக்காக இல்லை. சக்கரத்தின் பக்கம் வளைக்கும் விசை குறைவு, உடலில் செருகும் இடத்தில்தான் உச்சம். அங்கே தடிமனாகவும் கீழே மெல்லியதாகவும் வைத்தால் நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு இறுக்கம் (ஸ்ட்ரெஸ்) விழும், எஃகு வீணாகாது. டெயில்விண்டில் இந்தக் கம்பிதான். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-4, ஆர்வி-6, ஆர்வி-7 வால்சக்கர விமானங்களில் இருப்பதும் இதே வம்சம்தான். என்ஜின் மவுண்டில் வெல்டு செய்த குழாய்க்குள் கம்பியைச் செருகி ஒரே ஒரு குறுக்கு போல்டால் பூட்டுவார்கள். செஸ்னாவும் 1970-களின் தொடக்கத்தில் 172-இல் பட்டையை விட்டுக் குழாய்க் காலுக்கு மாறியது.

இனி தப்பு நடக்கும் இடங்கள்.

கம்பி கடினப்படுத்திய உயர்வலிமை எஃகு. ஆர்வி கால்களில் 6150 ரகம், குரோமியமும் வனேடியமும் கலந்தது. இந்த மாதிரி எஃகில் சிறு கீறலே விரிசலுக்கு விதை. துளை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், நேராக்கவோ வளைக்கவோ சூடு காட்டாதீர்கள். பலர் மறப்பது இதை: வேறு எங்கோ வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பைக் காலிலோ ஆக்சிலிலோ மாட்டிவிடுவார்கள். கிளிப் சரியாகப் பிடிக்காமல் ஒரு பொறி பறந்தால், அந்தக் கடுகளவு இடம் உருகிச் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பின்னாளில் விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

துருவை எடுக்க அமிலத்தில் ஊறவைப்பதும் மின்முலாம் பூசுவதும் ஆபத்து. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உடையவைக்கும். மெல்லிய உப்புத்தாளால் காலின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள், சுற்றுவாக்கில் தேய்த்த கோடு விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு: 30 மி.மீ. விட்டம் 29 ஆனால் அந்த இடத்தில் இறுக்கம் சுமார் 11 சதவீதம் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். வரைபடம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே போனால் கால் கழிவுதான்.

பிரேக் குழாயைக் காலோடு கட்டும் கிளிப்பைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் மண் சேர்ந்து பெயின்ட்டை அரைத்து, நீர் தேங்கி, துரு குழி விழுந்திருக்கும். காற்றுத் தடைக்காகப் போட்ட உறைக்குள்ளும் அப்படித்தான். பத்து மடங்கு பூதக்கண்ணாடியை முதலில் கொண்டுபோக வேண்டிய இடங்கள், குழாய் வாய் முடியும் விளிம்பு, போல்ட் துளையைச் சுற்றிய பகுதி, ஆக்சில் பொருத்தும் தட்டு. சந்தேகம் வந்தால் காந்தத்தூள் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

குறுக்கு போல்ட்டும் முக்கியம். துளை கொஞ்சம் நீள்வட்டமானால் கால் தன் அச்சிலேயே திரும்பும். கம்பியின் மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி 0.25 மி.மீ. ஆட்டம் இருந்தாலே கிட்டத்தட்ட 1 டிகிரி திருப்பம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி இரண்டு கையாலும் முன்பின்னாகத் திருப்பினால் 'டக்' என்ற சிறு உணர்வு கைக்கு வரும். போல்ட்டை இன்னும் முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. குழாயையும் கம்பியையும் சேர்த்துப் பிடித்து ஒரே ரீமரில் (துளையைத் துல்லியமாக அகட்டும் கருவி) அடுத்த ஓவர்சைஸுக்குத் துளையைத் திறந்து, இறுக்கமாக நுழையும் போல்ட்டைப் போட வேண்டும். டிரில் பிட்டால் திறந்தால் துளை மறுபடி கோணலாகும்.

கடைசியாக ஷிம்மி என்ற துடிப்பு. கம்பி முன்பின்னாகவும் வளையும் என்பதால், இறங்கி வேகம் குறையும்போது சில விமானங்களில் கால் முன்னும் பின்னும் துடிக்கும். முதலில் டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், பிறகு டயர் வட்டமாக இருக்கிறதா, எடை சமன் சரியா, பேரிங் இறுக்கம் சரியா என்று பாருங்கள். எதற்கும் அடங்கவில்லை என்றால் காலின் பின்பக்கம் கடினமரப் பட்டி ஒன்றை வைத்து, கண்ணாடி இழை நாடாவை எபாக்ஸியில் நனைத்துச் சுற்றுவார்கள். சுற்றுவதற்கு முன் காலுக்கு எபாக்ஸி பிரைமர் முழுக்கப் பூசிவிடுங்கள். சுற்றிய பிறகு அடியில் துரு பிடித்தால் பார்க்க வழியே இல்லை.

சக்கர நேர்ப்பாட்டைப் பற்றி: விமானத்தைத் தரையில் நிற்கவைத்து, டோ (சக்கரம் நேர் முன்னே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யமா என்று அளந்தால் போதும்.

நூல்குண்டு

வில்லெஃகு சார், மேலே சொன்னதெல்லாம் சரி. அந்தக் கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வால்சக்கர விமானத்தில் 'நிற்கவைத்து அளப்பது' என்றால் எந்த நிலையில்? வால் தரையில் இருக்கும்போதா, வாலைத் தூக்கி உடல் மட்டமாக இருக்கும்போதா? இரண்டிலும் ஒரே எண் வராது.

காரணம் கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம். ஆள் இல்லாத, எரிபொருள் குறைந்த விமானத்தில் கால்கள் உள்வாங்கி, சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு 5 டிகிரி என்று வையுங்கள். உடல் மட்டமாக இருக்கும்போது டோ பூஜ்யம். இப்போது வாலைத் தரைக்கு இறக்கினால் மூக்கு 12 டிகிரி உயரும். 5-ஐ சைன் 12-ஆல் பெருக்கினால் சுமார் 1 டிகிரி. கேம்பரின் ஒரு பகுதி டோ-இன்னாக (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்புவது) மாறிவிட்டது. எடை ஏறிக் கால் அகன்றால் கேம்பர் குறையும், இந்த மாற்றமும் குறையும். ஆகவே வரைபடம் எந்த நிலையைச் சொல்கிறதோ அந்த நிலையில், ஒருவர் உட்கார்ந்து பாதி எரிபொருள் இருக்கும் எடையில் அளந்து, மற்ற நிலையிலும் ஒரு முறை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

அளக்கும் முறை: முதலில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் இரண்டு அலுமினியத் தகடு வையுங்கள், நடுவே தாராளமாக கிரீஸ். இது இல்லாமல் எடுக்கும் அளவு எல்லாம் வீண். விமானத்தைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தும்போது டயரின் பிடிப்பு காலைப் பாதி வளைந்த நிலையிலேயே பிடித்துவைத்திருக்கும். கிரீஸ் தகட்டில் ஏற்றி, உடலை இரண்டு முறை அழுத்தி விட்டால் கால் தன் இயல்பான இடத்துக்கு வரும்.

மூக்கிலும் வாலிலும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் நடுக்கோட்டுக்கு நூல் அடியுங்கள். ஒவ்வொரு சக்கரத்தோடும் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள், டயரின் உப்பலில் இல்லை, ரிம்மில் அல்லது பிரேக் டிஸ்க்கில். சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் 1 மீட்டர் தள்ளி இருந்தால், நடுக்கோட்டுக்கு உள்ள தூரத்தில் வரும் 17 மி.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட 1 டிகிரி. இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாக நடுக்கோட்டிலிருந்து அளங்கள். ஒன்று 1 டிகிரி உள்ளே, மற்றது 1 டிகிரி வெளியே என்று இருந்தால் மொத்தம் பூஜ்யம் காட்டும், விமானம் ஒரே பக்கம் இழுக்கும்.

எந்தப் பக்கம் தப்பினாலும் டோ-இன் பக்கம் தப்பாதீர்கள். விமானம் இடப்பக்கம் விலகத் தொடங்கினால் எடை வலச் சக்கரத்துக்குப் போகும். டோ-இன் இருந்தால் அந்த வலச் சக்கரம் இடப்பக்கம் பார்த்து நிற்கும், விலகலை இன்னும் இறுக்கும். வால்சக்கர விமானம் தட்டாமாலை சுற்றுவதற்கு அது போதும். பூஜ்யமோ மிகச் சிறிய டோ-அவுட்டோ இருந்தால் பாரம் ஏறிய சக்கரம் வெளியே இழுத்து நேராக்கும். டோ-அவுட் மிஞ்சினால் டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும், அது தாங்கக்கூடிய நஷ்டம். திருத்துவதற்கு ஆக்சில் தட்டுக்கும் காலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் (இடைத்தகடு) வைப்பார்கள். ஷிம் வைத்த பிறகு நான்கு போல்ட்டிலும் நட்டைத் தாண்டிப் புரி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த நீளம்.

வில்லெஃகு

நீங்கள் சொல்வதுதான் சரி, என் வரியை விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குறுக்கு போல்ட்டில் ஆட்டம் இருக்கும்போது நேர்ப்பாடு பார்க்காதீர்கள். கால் சாய்ந்து நிற்பதால் அந்த 1 டிகிரி திருப்பத்தில் ஒரு பகுதிதான் டோவாக வரும், ஆனால் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் போகும். ஷிம் போட்டு அதைத் துரத்தவே முடியாது.

துணிக்காரர்

மரச்சிறகு கேட்ட இரண்டாவது கேள்வி. இதை எழுதும்போது மனம் கனக்கிறது, ஆனாலும் அவரை நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

1995 ஏப்ரல் 27. விட்மேனுக்கு 91 வயது. தானே கட்டிய 'ஓ அண்ட் ஓ ஸ்பெஷல்' விமானத்தில் மனைவி பவுலாவோடு ஃபுளோரிடாவிலிருந்து ஓஷ்கோஷுக்குப் பறந்துகொண்டிருந்தார். அலபாமா மாநிலத்தில் ஸ்டீவன்சன் அருகே விமானம் வானிலேயே உடைந்தது. இருவரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம், இறக்கைத் துணி ப்ளைவுட்டிலிருந்து பிடி விட்டு, அதனால் எய்லரானும் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் கட்டுப்பாட்டுப் பலகை) இறக்கையும் ஃப்ளட்டரில் (காற்றால் தானே வலுக்கும் அதிர்வு) போனது. துணி ஒட்டிய முறை சரியில்லை என்பதும் அதில் உண்டு.

எப்படிப் பிடி விடும் என்று கேட்டீர்கள். பழைய காலத்துப் பருத்தித் துணி டோப் என்ற பூச்சை உறிஞ்சும், நூலுக்குள்ளேயே பிடிக்கும். பாலியெஸ்டர் நூல் எதையும் உறிஞ்சாது. அதைப் பசையால் சுற்றி வளைத்துத்தான் பிடிக்க முடியும். அடியில் இருக்கும் பூச்சும் மேலிருந்து வரும் பூச்சும் நெசவின் கண்கள் வழியே ஒன்றோடொன்று கரைந்து கலந்து நூலை நடுவில் சிறைப்பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பாலி-ஃபைபர் என்ற துணி போர்த்தும் முறையின் பொருள்கள் வினைல் வகை, டோப் செல்லுலோஸ் வகை. ஒரு முறையின் அடிப்பூச்சையும் இன்னொரு முறையின் பசையையும் கலந்தால் பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், விரலால் தடவினால் கெட்டியாக இருக்கும், உள்ளே கலப்பு நடந்திருக்காது. டோப்பின் இரண்டு வகைகளிலேயே பார்த்தால் நைட்ரேட்டின் மேல் பியூட்ரேட் பூசலாம், பியூட்ரேட்டின் மேல் நைட்ரேட் நிற்காது.

அப்படிப் பிடிக்காத இடம் தரையில் தன்னைக் காட்டாது. காற்றில் என்ன ஆகிறது பாருங்கள். விநாடிக்கு 90 மீட்டர், அதாவது மணிக்கு 200 மைல் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. இறக்கையின் மேல்பக்கம் உறிஞ்சல் அந்த அளவுக்கு வந்தால், 10 செ.மீ. சதுரத்தில் பிடி விட்ட கொப்புளத்தை 5 கிலோ மேலே இழுக்கும். 30 செ.மீ. சதுரம் என்றால் 45 கிலோ. பரப்பு ஒன்பது மடங்கு கூடியது, சுற்றளவு மூன்று மடங்குதான். ஆகவே ஓரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டர் பசையும் தாங்க வேண்டிய இழுப்பு மூன்று மடங்கு. கொப்புளம் பெரிதாகப் பெரிதாக இன்னும் வேகமாகப் பெரிதாகும் என்பது இதனால்தான். பசை பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும், உரிப்பைத் தாங்காது. மேலே உப்பிய துணி எய்லரானுக்கு முன்னால் இருந்தால் காற்றோட்டம் கலைந்து எய்லரான் ஆடத் தொடங்கும், இறக்கையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ப்ளைவுட் மேல் ஒட்டும் வரிசையைப் பாலி-ஃபைபரை வைத்துச் சொல்கிறேன். கையேடு கையில் இருக்கட்டும், அதற்கும் நான் எழுதுவதற்கும் வேறுபாடு வந்தால் கையேடுதான். மரத்தைத் தேய்த்துத் தூசு முழுக்க எடுத்து எபாக்ஸி வார்னிஷ் அடியுங்கள். சாதாரண வார்னிஷ் கூடாது, பின்னால் வரும் எம்இகே கரைப்பான் அதைக் கிளப்பிவிடும். நன்றாக இறுகிய பிறகு பளபளப்பு போகும்வரை மெல்லிய உப்புத்தாள். பளபளப்பின் மேல் எதுவும் நிற்காது. பிறகு அந்த முறையின் பூச்சான பாலி-பிரஷ் இரண்டு பூச்சு, பிரஷ்ஷால். காய்ந்ததும் துணியை விரித்து ஓரங்களைப் பாலி-டாக் பசையால் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சுருக்குங்கள். முதல் சுற்று 121 டிகிரி செல்சியஸ், இறுதி இழுவை 177 டிகிரி. அதற்கு மேல் போனால் துணி இழுவையை இழந்து தளரும், திரும்ப வராது.

பெட்டியின் குமிழில் இருக்கும் எண்ணை நம்பவே நம்பாதீர்கள். அடித்தகட்டில் வெப்பம் கடத்தும் பசை வைத்து வெப்பமானியை ஒட்டி, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் குமிழில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி கீழே விழுந்தால் மறுபடி பாருங்கள்.

இனி வருவதுதான் உயிர்நாடி. நீர்த்த பாலி-பிரஷ்ஷைத் துணியின் மேல் பிரஷ்ஷால் தாராளமாக ஓட்டி, நெசவு வழியே கீழே இறங்கவிடுங்கள். அடியில் காய்ந்திருக்கும் பூச்சை அது இளக்க வேண்டும். பிடித்த இடம் நிறம் கறுத்து ஈரமாகத் தெரியும், பிடிக்காத இடம் வெளுத்துக் காற்றுக்குமிழியாகத் தெரியும். ஈரம் இருக்கும்போதே விரலால் அழுத்தி வெளியே தள்ளுங்கள். முதல் பூச்சை ஸ்பிரே துப்பாக்கியில் அடித்தால் மேலேயே உட்கார்ந்துவிடும், கீழே போகாது. நேரம் மிச்சம் என்று பலர் தப்பு செய்வது இங்கேதான்.

மரச்சிறகு

மிக்க நன்றி, துணிக்காரர் ஐயா. ஏற்கெனவே துணி போட்டு முடித்த பழைய இறக்கையை எப்படிச் சோதிப்பது? கொப்புளம் கண்டால் ஊசியால் பசை ஏற்றிச் சரிசெய்யலாமா?

துணிக்காரர்

ஊசியால் ஏற்றக் கூடாது. உள்ளே எவ்வளவு பரவியது என்று தெரியாது, கரைப்பான் வெளியேற வழி இல்லாமல் சுற்றியிருக்கும் நல்ல இடத்தையும் இளக்கிவிடும்.

சோதனைக்கு வெயில் உதவும். இறக்கை சூடேறிய பிறகு அதன் முன் ஓரத்தோடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மெல்லிய மேடு காட்டும். பிறகு ஒரு நாணயத்தால் 3 செ.மீ.க்கு ஒரு முறை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டிய இடம் மரத்தின் ஒலி தரும், விட்ட இடம் பொத்தென்று காகித ஒலி தரும். பென்சிலால் வட்டம் போட்டு, தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே இடத்தைத் தட்டும்போது வட்டத்தைத் தாண்டியிருந்தால் அன்றோடு பறப்பை நிறுத்துங்கள். மேல்பக்கத்தின் முன் மூன்றில் ஒரு பங்கும், எய்லரானுக்கு நேர் முன்னால் உள்ள பகுதியும், வடிகால் துளைகளின் ஓரமும், நாடா முடியும் இடங்களும் முக்கியம். எய்லரான் கீலில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

எந்த முறையில் ஒட்டியது என்று பதிவேட்டில் எழுதியிருந்து, விட்ட இடமும் சிறியதாக இருந்தால், வெட்டித் திறந்து மரம் வரை சுத்தம் செய்து அதே முறைப் பொருளால் ஒட்டு போடலாம். பதிவேடு இல்லை, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துத் துணி முழுவதையும் உரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உரிக்கும்போது கவனியுங்கள், துணி சுத்தமாக, அடியில் பூச்சே இல்லாமல் வந்தால் அது எப்போதுமே ஒட்டவில்லை என்று பொருள்.

புதிதாக ஒட்டுகிறவர்கள் சோதனைத் துண்டு செய்துகொள்ளுங்கள். அதே ப்ளைவுட், அதே வார்னிஷ், அதே டின் பசை, அதே நாளில். 25 மி.மீ. அகலத் துணிப் பட்டைகள் ஆறு, ஒவ்வொன்றிலும் பிடித்து இழுக்க ஒரு முனையை ஒட்டாமல் விடுங்கள். இரண்டு வாரம் காய்ந்த பிறகு ஒன்றை வில் தராசில் மாட்டிச் செங்குத்தாக உரித்து எத்தனை கிலோவில் வருகிறது என்று எழுதிவையுங்கள். மீதி ஐந்தை விமானக் கொட்டகையிலேயே, இறக்கை படும் அதே வெயிலும் ஈரமும் படும்படி ஆணியில் தொங்கவிட்டு, வருடத்துக்கு ஒன்று உரித்துப் பாருங்கள். எண் இறங்கினால் இறக்கையிலும் இறங்குகிறது.

நூல்குண்டு

அந்தத் துண்டின் பின்பக்கத்திலேயே பூச்சுப் பெயர், டின்னில் இருக்கும் தொகுதி எண், தேதி, அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பதிவேட்டிலும் அதையே எழுதுங்கள். விமானம் கை மாறும்போது அடுத்தவருக்கு இறக்கையின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.